ஏழாம் நம்பர் கேசட்

தீபாவளி போனஸ் வாங்கின கையோடு வெள்ளையன் செய்த முதல் காரியம் டேப் ரிக்கார்டர் வாங்கியது. திருப்பூரில் போனஸ் வாங்கின ஒவ்வொருவனுக்கும் ஒரு கிறுக்கு உண்டு. ஒருவன் இரும்புக் கட்டிலைத் தலையில் சுமந்துகொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி கண்டக்டரிடம் திட்டு வாங்குவான். இன்னொருவன் புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் வெறுங்காலோடு நடப்பான். வெள்ளையனின் கிறுக்கு ஏழெட்டு வருஷத்துப் பழசு. பெட்டி ஒன்று வாங்க வேண்டும், அதில் பெண்டாட்டி பாடின கேசட்டைப் போட்டு மகளுக்குக் காட்ட வேண்டும்.

மகள் கலாமணி மூன்றாம் வகுப்புப் படித்தாள். அம்மாவின் குரலைக் கேட்ட ஞாபகமே அவளுக்கு இல்லை. அவள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் செல்லாத்தாளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கோயமுத்தூரில் வைத்தியம் பார்த்ததில் உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். காதருகே வந்து பேசினால் புரியும், ஒரு முழம் தள்ளி நின்றால் உதடு அசைவது மட்டும் தெரியும்.

கேசட் கடையில் வெள்ளையன் பாட்டுப் பெயரையோ பாடியவர் பெயரையோ சொல்லவில்லை. "ஆத்தப்பன் கேசட் ஏழு குடுங்க," என்றான். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பின்பக்கம் கையை விட்டு எடுத்துப் போட்டார். பச்சை அட்டை, முளைப்பாரி படம், 'கும்மிப் பாடல்கள் - செல்லாத்தாள் குழுவினர்'. முதுகில் ஏழு என்ற எண். கீழே கறுப்புக் கோடுகள் போட்ட சின்ன வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. வெள்ளையனுக்கு நிம்மதியாக இருந்தது. கேசட்டைப் போட்ட முதலாளி ஆத்தப்பன் அன்றைக்கே சொல்லியிருந்தார், பேரை மறந்தாலும் நம்பரை மறக்காதே, எந்தக் காலத்திலும் ஏழு என்று கேட்டால் இதுதான் வரும் என்று. அந்தத் தைரியத்தில்தான், கையிலிருந்த ஒரே கேசட்டை எவனோ இரவல் வாங்கிப் போய் நாடாவைச் சிக்கவிட்டு அறுத்தபோதுகூட அவன் பெரிதாக வருத்தப்படவில்லை.

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. அனுப்பர்பாளையத்தில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் பின்னால் பாத்திரப் பட்டறை. பண்டிகைக்கு முதல் நாள் என்பதால் தட்டும் சத்தம் மத்தியானத்தோடு நின்றிருந்தது. செல்லாத்தாள் அடுப்பில் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். வெல்லப்பாகும் எண்ணெயும் மணக்கிற அந்த ஒற்றை அறையில், கலாமணி பெட்டியின் பொத்தானைத் தானே அழுத்துவேன் என்று அடம் பிடித்து அழுத்தினாள்.

பாட்டு வந்தது. நல்ல குரல். தேன் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற குரல். ஆனால் செல்லாத்தாளின் குரல் இல்லை.

வெள்ளையன் முதலில் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டான். புதுப் பெட்டி, வேகம் கூடிக் குறைந்து ஓடுகிறதோ என்னவோ. அடுப்பருகே பார்த்தான். செல்லாத்தாள் ஜல்லிக்கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சட்டியில் கச்சாயம் கறுத்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது, பெட்டியின் மேல் குற்றமில்லை.

"அம்மா, இது நீயா? நெசமாலுமே நீயா பாடுனே?" என்று கேட்டாள் கலாமணி. கண் இரண்டும் விரிந்து, உதடு துடித்துக்கொண்டு, அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று சொல்ல முடியாத முகம். அந்த முகத்துக்கு எந்தத் தாயால் இல்லை என்று சொல்ல முடியும்? செல்லாத்தாள் தலையை ஆட்டினாள். வெள்ளையனும் வாயை மூடிக்கொண்டான். தீய்ந்த கச்சாயத்தை எடுத்து நாய்க்குப் போட்டார்கள்.

இனி அந்தக் கேசட் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆத்தப்பன் நெருப்பெரிச்சலில் தோட்டத்தை விற்று பனியன் கம்பெனி போட்டவர். பருத்தி போட்ட மண்ணிலேயே தையல் மெஷின் பூட்டிய பவர் டேபிள்களை வரிசையாகப் போட்டார். செல்லாத்தாள் அங்கே செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை டியூப் லைட்டுக்கு அடியில் விரித்துப் பிடித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்துப் பிரிக்க வேண்டும். இரண்டு சாயத் துணி ஒரே மாதிரி தெரிந்தாலும் இது வேறு லாட், வேறொரு நாள் சாயம் போட்டது என்று கண்டுபிடித்து ஒதுக்குவாள். கை வேலை செய்யும், வாய் பாடும். அத்தனை மெஷின் இரைச்சலுக்கும் மேலே அவள் குரல் நிற்கும். உச்சிக்குப் போகும்போது லேசாக உடையும், உடைந்த இடத்திலிருந்து இன்னும் மேலே போகும்.

ஆத்தப்பனுக்கு அப்போது கேசட் பைத்தியம் பிடித்திருந்தது. வேலை செய்கிற பெண்கள் சினிமாப் பாட்டையே கேட்டுச் சலித்துவிட்டார்கள் என்று ஊர்ப் பாட்டுகளைக் கேசட்டாகப் போட ஆரம்பித்தார். ஸ்டுடியோவெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மெஷின்களை நிறுத்திவிட்டு, குடோனில் பனியன் வேஸ்ட் மூட்டைகளைச் சுவர் மாதிரி அடுக்கி, நடுவில் மைக்கை வைத்துவிடுவார். வெளிச் சத்தம் ஒன்றும் உள்ளே வராது. பதிவு செய்யப் பழைய ஸ்பூல் மெஷின் ஒன்றை யாரிடமோ வாங்கியிருந்தார். செல்லாத்தாளை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பெண்களை நிறுத்திக் கும்மி தட்டவைத்தார். அன்றைக்கு எல்லாருக்கும் சாரதாமணி அம்மா, ஆத்தப்பனின் மனைவி, அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கி நெய் ஊற்றிப் போட்டார்.

கடைசிப் பாட்டு முடிந்தும் ஸ்பூலில் கொஞ்சம் நாடா மிச்சம் இருந்தது. ஆத்தப்பன் பனியன்காரர். அரை முழம் துணி மிஞ்சினாலும் அதில் ஒரு குழந்தை ஜட்டி வெட்ட முடியுமா என்று பார்க்கிறவர். நாடாவை வீணாக்க மனசு வராமல், பாட்டு போதும், கையை மட்டும் தட்டுங்கள் என்று சைகை காட்டினார். பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெறுங்கும்மி தட்டினார்கள். செல்லாத்தாளும் தட்டினாள். நாடா தீரப்போகிற நேரத்தில் போதும் என்று அவர் கையைத் தூக்கினார். அந்த வருஷம் எண்பத்தெட்டு. மறு வருஷம் கலாமணி பிறந்தாள், அதற்கு மறு வருஷம் தொண்டையில் கட்டி வந்தது. வைத்தியம் முடிந்து வந்தபின் செல்லாத்தாள் கம்பெனிக்குப் போகவில்லை. அனுப்பர்பாளையத்துக்குக் குடிமாறி, வீட்டிலேயே பனியனுக்குப் பிசிறு வெட்டிக் கொடுத்தாள். எங்காவது பாட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுவாள். மாரியம்மன் நோம்பியில் உன் கேசட்டைப் போட்டார்கள் என்று யாராவது வந்து சொன்னால் மட்டும் முகம் மலரும்.

தீபாவளி கழிந்து கம்பெனி திறந்த அன்று வெள்ளையன் பழைய முதலாளியைப் பார்க்க நெருப்பெரிச்சலுக்குப் போனான். ஆத்தப்பன் பேக்கிங் ஹாலில், பெட்டிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பச்சைப்புளி ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கப்பலுக்குச் சரக்கு போகிற வாரம் அவருக்குச் சாப்பாடு அங்கேதான். வெள்ளையனைப் பார்த்ததும் சாப்பிடச் சொன்னார். அவன் வேண்டாம் என்று நின்றான். கேசட்டை எடுத்து நீட்டினான்.

"ஏனுங்க மொதலாளி, இதுல பாடறது செல்லாத்தா இல்லீங்களே."

"ஏழுதானப்பா இது. அட்டைல அவ பேர்தான போட்டிருக்குது?"

"பேரு அவளுதுதானுங்க. கொரல் அவளுது இல்லீங்க."

ஆத்தப்பன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். பிறகு அவருக்கு நினைவு வந்தது. நினைவு வந்ததில் சங்கடம் ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அட, அது ரிப்பீட்டுப்பா. மொத லாட்டுக்கு ஓட்டி ஓட்டி மாஸ்டர் டேப்பு தேஞ்சுபோச்சு. ஒரே எரைச்சல். கடைக்காரங்க திருப்பி அனுப்பறாங்க, ஏழு வேணும் ஏழு வேணும்னு ஆளையும் அனுப்பறாங்க. செல்லா அப்பத்தான் ஆஸ்பத்திரில கெடந்தா. வெள்ளகோயல்ல இருந்து பொன்னாத்தான்னு ஒரு புள்ளயக் கூட்டியாந்து அதே பாட்டப் பாட வெச்சேன். அதே பாட்டு, அதே நீளம், அட்டை அடிச்சது கட்டுக் கட்டாக் கெடந்துச்சு. ரிப்பீட் ஆர்டருக்கு யாராச்சு ஸ்டைல் நம்பர மாத்துவாங்களா?"

"மொதல்ல புடிச்ச டேப்பு இருக்குதுங்களா?"

"தேஞ்சத வெச்சு என்ன பண்றது? அதுமேலயே ஒரு பசனைக் கோஷ்டியப் புடிச்சுப்போட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் ஆத்தப்பன் வெள்ளையனின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். அவன் பெட்டி மேல் ஒட்டியிருந்த பசைத்தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். கலாமணி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்து எங்கம்மா பாடினது என்று போட்டுக் காட்டுவதையும், அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே தூங்குவதையும், ஒவ்வொரு தரமும் செல்லாத்தாள் பிசிறு வெட்டுகிற கத்தரியோடு வாசலுக்குப் போய்விடுவதையும் மெல்லச் சொன்னான். ஆத்தப்பன் தட்டிலேயே கையைக் கழுவினார்.

"ஒரு சாயத்துல ரெண்டு லாட்ட ஒரு பெட்டிக்குள்ள வெச்சா அவதான் என்னைய நிறுத்துவா. மொதலாளி, ஷேடு வேற, தனியாப் போடுங்கன்னுவா. அவ கொரலையே மாத்திப் பெட்டிக்குள்ள வெச்சுப்போட்டேன் பாரு," என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் தேட ஆரம்பித்தார்கள். முதல் லாட் கேசட் எங்காவது ஒன்று தப்பியிருக்கும் என்பது ஆத்தப்பனின் கணக்கு. சிக்கல் என்னவென்றால், முதல் லாட்டுக்கும் இரண்டாம் லாட்டுக்கும் வெளியே ஒரு வித்தியாசமும் கிடையாது. அதே பச்சை அட்டை, அதே ஏழு. கோடு போட்ட ஸ்டிக்கரை வைத்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஸ்டிக்கர் கதை தனி. ஜெர்மனி பையர் ஒருவன் குழந்தைகள் டி-சர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்து, ஒட்டச் சொல்லி ஸ்டிக்கரும் அனுப்பிவிட்டு, ஆர்டரைக் கேன்சல் செய்துவிட்டான். ஸ்டிக்கர் ஒரு மூட்டை மிஞ்சியது. மிஞ்சினதை விடுவாரா ஆத்தப்பன்? ஒட்டினால் எக்ஸ்போர்ட் தரமாகத் தெரியும் என்று கேசட் முழுக்க ஒட்டிவிட்டார். கடைகளிலிருந்து திரும்பி வந்த பழைய லாட்டையும் விடவில்லை, ஒட்டினதில் பாதி உரிந்தும் போயிருந்தது. கோட்டைப் படிக்கிற மெஷின் அப்போது திருப்பூரில் எந்தக் கேசட் கடையிலும் இல்லை என்பதால் யாரும் கேட்கவுமில்லை.

ஆகவே ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டுத்தான் தீர வேண்டும். ஞாயிறானால் ஆத்தப்பன் மொபெட்டை ஓட்ட, வெள்ளையன் பின்னால் டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கார் வைத்திருக்கிற முதலாளி மொபெட்டில் அலைவதைப் பார்த்து ஊர் சிரித்தது. சந்துக்குள் கார் போகாது என்றார் அவர். கோயில் தர்மகர்த்தா வீடு, பேக்கரி, முடிவெட்டும் கடை, சவுண்டு சர்வீஸ் என்று எங்கே பச்சை அட்டை இருப்பதாகக் கேள்விப்பட்டாலும் போனார்கள். கார்த்திகை மழையில் நனைந்தார்கள். சாயத் தண்ணீர் ஓடுகிற ஓடைக்கரையில் மொபெட் சறுக்கி விழுந்ததில் ஆத்தப்பனின் வெள்ளை வேட்டி பாதி நீலம் ஆகிவிட்டது. எங்கே போட்டாலும் பொன்னாத்தாள்தான் பாடினாள். தேன் போன்ற அந்தக் குரல் வெளியே வந்ததும் வெள்ளையன் உடனே நிறுத்திவிடுவான். போகப்போக ஆத்தப்பனுக்கு அந்தக் குரலைக் கேட்டாலே கோபம் வந்தது. பாவம், அவள் என்ன செய்தாள்?

அனுப்பர்பாளையத்திலேயே பாத்திரப் பட்டறை ஆறுச்சாமியிடம் ஒன்று இருந்தது. கேசட் கடைக்கு வந்தவுடன் வாங்கியது என்று அடித்துச் சொன்னார். போட்டால் சினிமாப் பாட்டு. அவருடைய மச்சான் அதன் மேல் பதிந்துவிட்டானாம். திருப்பிப் போட்டார்கள், அந்தப் பக்கமும் சினிமாப் பாட்டு. ஆறுச்சாமி வருத்தப்பட்டு, சும்மாவே கொண்டுபோங்க என்று கொடுத்தார். வெள்ளையன் அதைத் தூக்கிப் போட மனசில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டான்.

தை மாதம் நஞ்சப்பன் வந்தார். கோயமுத்தூரில் பாட்டுக் கம்பெனி ஒன்றின் ஆள். ஊர்ப் பாட்டுகளைத் திரட்டி சி.டி.யாகப் போட்டு வெளிநாட்டிலிருக்கிற தமிழர்களுக்கு விற்கப்போகிறார்களாம். ஆத்தப்பனின் கேசட்டில் ஏழாம் நம்பர்தான் அவருக்குப் பிடித்திருந்தது. கேசட்டைத் திருப்பிப் பார்த்தவர் கோடுகளுக்குக் கீழே இருந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தார். ஆரம்ப எண் ஜெர்மனியுடையது, இதைக் கடை மெஷினில் காட்டினால் யாரோ ஒரு ஜெர்மனிக் கம்பெனியின் சரக்கென்றுதான் காட்டும் என்றார். ஆத்தப்பன் குழந்தைகள் டி-சர்ட் கதையைச் சொன்னதும் இன்னும் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். கோட்டு நம்பர் பெட்டிக்கு. கடையில் விற்கிற பொருளுக்கு. உள்ளே இருக்கிற பதிவுக்கு அது ஆகாது. பதிவுக்குத் தனி நம்பர் கொடுப்பது வெளிநாட்டில் எப்போதோ வந்துவிட்டது, இங்கேயும் வந்துகொண்டிருக்கிறது. ஒரு பதிவுக்கு ஒரு நம்பர், வேறு எதற்கும் அந்த நம்பர் கிடையாது.

"அதே பாட்ட மறுக்காப் பாடுனா?" என்று கேட்டார் ஆத்தப்பன்.

"அது வேற பதிவுங்க. வேற நம்பர்."

"பாடறதும் அதே ஆளுன்னா?"

"அதே ஆளு, அதே எடத்துல நின்னு, தண்ணி குடிச்சுப்போட்டு மறுக்காப் பாடுனாலும் வேறதானுங்க. பாட்டுல ரிப்பீட் ஆர்டர்னு ஒண்ணு கெடையாதுங்க."

ஆத்தப்பன் கேசட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதல் பதிவு இருந்தது, அது போய்விட்டது, அதற்கு ஒரு நம்பர் போட முடியுமா என்று கேட்டார். கேட்கவே பதிவு இல்லை என்றால் எதற்கு நம்பர் போடுவது என்று நஞ்சப்பன் சொன்னார். அவரும் இரக்கத்தோடுதான் சொன்னார். சி.டி. அட்டையில் யார் பெயர் போட வேண்டும் என்று மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள், பாடினவருக்குச் சேர வேண்டியதும் அந்தப் பெயருக்குத்தான் போகும், ஒரு தரம் போட்டுவிட்டால் மாற்றுவது கஷ்டம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

அன்று சாரதாமணி அம்மா கணவரிடம் ஒன்று சொன்னார். அட்டையில் இருக்கிற பெயரே இருந்துவிட்டுப் போகட்டும். குரல் போனவளுக்குப் பெயராவது இருக்கட்டும், நாலு காசும் வரும், பிள்ளையும் அம்மா பாடினதென்று நம்பிக்கொண்டே வளர்ந்துவிடும். பொன்னாத்தாள் அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு போனவள், இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை கேட்டவளில்லை. ஆத்தப்பனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தான் செய்த தப்பை அப்படியே மூடி வைத்துவிட ஒரு வழி கிடைத்தால் யாருக்குத்தான் நியாயமாகப் படாது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் லைன் வீட்டுக்குப் போனார். செல்லாத்தாள் வாசல் வெயிலில் பனியன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கலாமணி கேசட் போட்டுக்கொண்டு, பொன்னாத்தாளோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். வெள்ளையன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். ஆத்தப்பன் உட்காராமல் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். சாரதாமணி சொன்னதையும் சொன்னார். உன் இஷ்டம், நீ எதைச் சொன்னாலும் அதுதான் என்றார்.

செல்லாத்தாள் கத்தரியைக் கீழே வைத்தாள். எழுந்து அவரருகே வந்தாள். அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"பாடுனவ பேரப் போடுங்க சாமி."

"அம்முணிக்கு என்ன சொல்லுவே?"

"நாந் தலைய ஆட்டினது தப்புங்க. நானே சொல்லிக்கறேன்."

உள்ளே போய்ப் பெட்டியை நிறுத்தினாள். கலாமணி ஏன் என்று கோபமாகப் பார்த்தாள். செல்லாத்தாள் மகளைப் பிடித்து மடியில் உட்காரவைத்து, காதோடு வாயை வைத்துச் சொன்னாள். வாசலில் நின்ற இரண்டு ஆண்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையின் முகம் மாறுவது மட்டும் தெரிந்தது. அவள் திமிறி எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

"எல்லார்த்துகிட்டயும் சொல்லீட்டனே," என்றாள். சத்தம் போட்டு அழுதாள். சுந்தரி டீச்சரிடம்கூடச் சொல்லியிருந்தாளாம். ஏமாற்றிவிட்டீர்கள், இரண்டு பேரும் ஏமாற்றிவிட்டீர்கள் என்று அப்பாவைப் பார்த்தும் அழுதாள். அழுகை கொஞ்சம் தணிந்ததும், அதைவிடப் பெரிய கேள்வியாக ஒன்றைக் கேட்டாள்.

"அப்ப உன்ற கொரல் எப்படி இருக்கும்?"

செல்லாத்தாள் வெள்ளையனைப் பார்த்தாள். அவன்தானே சொல்ல வேண்டும்? தினம் கேட்டவன், அந்தக் குரலைக் கேட்டுத்தான் பேக்கிங் ஹாலிலிருந்து செக்கிங் டேபிள் பக்கம் சும்மாவே நடந்து நடந்து பெண் கேட்டவன். அவன் வாயைத் திறந்தான்.

"நெம்ப நல்லா இருக்கும் கண்ணு. மேல போறப்ப..." என்றான். கையை மேலே தூக்கிக் காட்டினான். அவ்வளவுதான், அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. மனதுக்குள் கேட்டுப் பார்த்தான். இத்தனை வாரம் ஊர் ஊராகப் போட்டுக் கேட்ட பொன்னாத்தாளின் குரல்தான் அங்கேயும் பாடியது. தூக்கின கையைக் கீழே போட்டுவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆத்தப்பனுக்கு அங்கே நிற்கவே கூசியது.

செல்லாத்தாள்தான் அசைந்தாள். ஆணியில் தொங்கிய பையை எடுத்து, அதிலிருந்து ஆறுச்சாமியின் கேசட்டை வெளியே எடுத்தாள். அது சினிமாப் பாட்டு என்று வெள்ளையன் சொன்னான். அவள் காதில் வாங்கவில்லை. இரண்டாம் பக்கத்தைப் போட்டு, நாடாவை ஓட்டினாள். நிறுத்திக் கேட்டாள், சினிமாப் பாட்டு. மறுபடி ஓட்டினாள், இன்னும் சினிமாப் பாட்டு. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், பாட்டு பாதியில் அறுந்தது. ஆறுச்சாமியின் மச்சான் அந்த இடத்தில் சலித்துப்போய் நிறுத்திவிட்டான் போலிருக்கிறது. கரகரவென்று ஓர் இரைச்சல். பிறகு கை தட்டுகிற சத்தம்.

பாட்டில்லை. வெறுங்கும்மி. நாலைந்து பெண்கள் சேர்ந்து தட்டுகிற கை. நடுவில் யாரோ சிரிப்பை அடக்குகிற மூச்சு.

ஆத்தப்பனுக்கு வேஸ்ட் மூட்டைகளின் வாசனைகூட வந்துவிட்டது. கை மட்டும் தட்டுங்கள் என்று அவர் சைகை காட்டிய அந்த மிச்ச நாடா. பாட வேண்டாம் என்று அன்றைக்கு நிறுத்தியிருக்காவிட்டால் இப்போது பாட்டே இருந்திருக்கும்.

நாடா தீர்ந்து பொத்தான் மேலே எழுந்தது. கலாமணி சுவரை விட்டு வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். மூக்கைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இதுல உன்ற கை எதும்மா?"

செல்லாத்தாள் நாடாவைச் சற்றுப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். டியூப் லைட்டுக்கு அடியில் எந்தச் சாயத்தையும் பிரித்துவிடுகிறவளுக்கு இது பிரியவில்லை. எல்லாக் கையும் ஒன்றாக விழுந்தது. மகளின் காதருகே குனிந்து தெரியவில்லை என்று சொன்னாள்.

"மறுக்காப் போடு," என்றாள் கலாமணி.

மறுபடியும் போட்டாள். இந்தத் தரம் செல்லாத்தாள் எழுந்து நின்றாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாடாவில் விழுகிற தட்டோடு சேர்ந்து தானும் தட்டினாள். குனிந்து தட்டினாள், நிமிர்ந்து தட்டினாள். உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. கலாமணி பெட்டியைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொத்தான் டக்கென்று மேலே எழுந்தது. செல்லாத்தாள் நிறுத்தவில்லை, தட்டிக்கொண்டே இருந்தாள். அன்றைக்குப் போதும் என்று கை தூக்கிய ஆத்தப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அவர் கையைத் தூக்கவில்லை.